முட்டைப் பெட்டியில் சத்தம் போடும் ரிலே வைத்த விவரம்

பெயர்: சாந்தாமணி. வயது: 27. கணவர் பெயர்: பாலுசாமி. படிப்பு: பி.எஸ்ஸி. எலக்ட்ரானிக்ஸ். தொழில்: வீட்டில் வைத்து கன்ட்ரோல் பெட்டிகள் செய்து கொடுப்பது. இருப்பிடம்: சூலூர், கோயமுத்தூர் மாவட்டம். நாள்: 12.8.1998.

நான் மேற்படி ஊரில் என் கணவர், மாமியார் மற்றும் எட்டு மாதப் பெண் குழந்தை ரித்திகாவுடன் குடியிருந்து வருகிறேன். என் கணவர் பம்பு கம்பெனி ஒன்றில் வைண்டிங் பிரிவில் வேலை பார்க்கிறார். பெண்ணாகிய என்னை இந்தக் காவல் நிலையத்துக்கு வரச் சொல்லி யாரும் கூப்பிடவில்லை. நானாகத்தான் வந்தேன். நான் சொல்லச் சொல்ல ஏட்டு அய்யா எழுத ஆரம்பித்து, ரிலே என்ற இடம் வந்ததும் இரண்டு முறை அடித்துத் திருத்திவிட்டு, "அம்மணி, படிச்சவங்க நீங்களே எழுதிப்போடுங்க, நான் எழுதுனா கேசு வேற எங்கியாச்சும் போயிரும்" என்று பேனாவை என்னிடம் கொடுத்தபடியால், ஆய்வாளர் அய்யாவின் அனுமதியோடு என் கைப்பட எழுதுகிறேன். மடியில் குழந்தை இருப்பதால் எழுத்து அங்கங்கே கோணியிருக்கும். அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நேற்று மதியம் சத்தியமங்கலம் போகும் தனியார் பஸ்ஸில் கண்டெடுக்கப்பட்ட, வெடிகுண்டு என்று சந்தேகிக்கப்பட்ட தகரப் பெட்டி என்னுடையது. அதன் உள்ளே இருக்கும் ஒவ்வொரு சாமானையும் வைத்தது நான். வெளித் தகரத்தை மட்டும் மடித்துக் கொடுத்தவர் கோட்டைமேட்டில் தகரப் பட்டறை வைத்திருக்கும் ஜபருல்லா பாய். அவரை நேற்று சாயங்காலம் விசாரணைக்கு அழைத்து வந்து இதுவரை இங்கே வைத்திருக்கிறார்கள். அவருக்கும் பெட்டியின் உள்ளே இருப்பதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்று சொல்வதற்காகவே வந்தேன்.

அந்தப் பெட்டி கோழி முட்டை பொரிக்க வைக்கும் இன்குபேட்டருக்கானது. இன்குபேட்டருக்குள் சூடு குறைந்தால் பல்பை எரிய விட வேண்டும், கூடினால் அணைக்க வேண்டும். அது ஒரு வேலை. தாய்க்கோழி காலால் முட்டையைத் திருப்பி விடுவதுபோல முட்டைத் தட்டைச் சிறிது சிறிதாகச் சாய்த்து விட வேண்டும். அது இரண்டாவது வேலை. பதினெட்டாம் நாளுக்கு மேல் முட்டையைத் திருப்பக் கூடாது, குஞ்சு உள்ளே தலையை ஒரு பக்கம் வைத்து வெளியே வரத் தயாராகிவிடும், அப்போது உருட்டினால் ஓட்டிலேயே செத்துப் போகும். அதனால் நாள் கணக்கு வைத்துத் திருப்புவதை அடியோடு நிறுத்த வேண்டும். அது மூன்றாவது வேலை. இந்த மூன்றையும் என் பெட்டி செய்யும். இதுவரை பல்லடம் பக்கத்துப் பெரிய பண்ணைகளுக்குத்தான் செய்து கொடுத்திருக்கிறேன். இந்தப் பெட்டி, சத்தியமங்கலத்தில் நாட்டுக்கோழிக் குஞ்சு பொரித்து விற்கும் ராசாத்தாள் என்பவருக்காக, முதல் தடவையாக ஒரு சின்ன இன்குபேட்டருக்குச் செய்தது.

ஆய்வாளர் திரு. சுந்தரராஜுலு அய்யா என்னிடம் கேட்ட முக்கியமான கேள்வி, "சத்தமே போடாத ரிலே ஒண்ணு இருக்குதுன்னு எங்க வெடிகுண்டு ஸ்குவாடுக்காரங்க சொல்றாங்க. இத்தனை நாளா நீங்களும் அதைத்தான் போட்டிருக்கீங்க. இப்ப மட்டும் எதுக்குங்க டக்கு டக்குன்னு அடிக்கிறதைப் போட்டீங்க?" என்பது. கேள்வி நியாயமானது. என் பதில் கீழ்வருமாறு.

ரிலே என்பது சின்னக் கரண்டைக் கொண்டு பெரிய கரண்டைப் போட்டு நிறுத்துகிற சுவிட்சு. கையால் தட்டும் சுவிட்சுக்குப் பதிலாகத் தானாகத் தட்டிக்கொள்ளும் சுவிட்சு என்று வைத்துக்கொள்ளலாம். அதில் இரண்டு சாதி உண்டு. ஒன்று, உள்ளே காந்தமும் தகட்டு நாக்கும் வைத்தது. காந்தம் இழுத்தால் நாக்கு ஒட்டும், விட்டால் பிரியும். ஒட்டும்போதும் பிரியும்போதும் 'டக்' என்று சத்தம் வரும். இன்னொன்று சாலிட் ஸ்டேட் ரிலே. அதில் அசைகிற பாகமே கிடையாது, சத்தமும் கிடையாது, தேய்மானமும் கிடையாது. பல்பு நாள் முழுக்க அணைந்து அணைந்து எரிவதால் அதற்கு நான் சத்தமில்லாததைத்தான் போடுவேன். நாக்கு வைத்ததைப் போட்டால் சீக்கிரம் கருகிவிடும். திருப்புகிற மோட்டாருக்கும் இதுவரை அதையே போட்டு வந்தேன். ஒரு காரணம் தேய்மானம். இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். நான் வேலை செய்யும் மேசையும் குழந்தையின் தொட்டிலும் ஒரே அறையில் இருக்கின்றன.

ஆனால் சத்தமில்லா ரிலேயில் ஒரு குறை உண்டு. அணைத்த பிறகும் முழுதாக அணையாது. சரியாக மூடாத குழாயிலிருந்து தண்ணீர் சொட்டுவதுபோலக் கரண்டு கொஞ்சம் கசிந்துகொண்டே இருக்கும். பெரிய பண்ணைகளின் மோட்டாருக்கு அந்தக் கசிவு உறைக்காது, அசையாமல் நிற்கும். ராசாத்தாள் அக்காவின் இன்குபேட்டரில் இருப்பது உள்ளங்கையில் அடங்குகிற மோட்டார். அதற்கு அந்தக் கசிவே சாப்பாடு. போன வாரம் நான் மேசையில் வைத்துச் சோதித்தபோது, ரிலேயை அணைத்த பிறகும் மோட்டார் முனகிக்கொண்டு எறும்பு ஊர்வதுபோல ஊர்ந்தது. அப்படியே அனுப்பியிருந்தால் பதினெட்டாம் நாளுக்குப் பிறகும் முட்டை திரும்பிக்கொண்டே இருந்திருக்கும், அத்தனை குஞ்சும் போயிருக்கும். அதனால் மோட்டாருக்கு மட்டும் சத்தமில்லாததைக் கழற்றிவிட்டு நாக்கு வைத்த ரிலேயைப் போட்டேன். அது பிரிந்தால் பிரிந்ததுதான், நடுவில் வெறும் காற்று, கசிவதற்கு வழியே இல்லை. சிறிய லோடுக்கு அதுதான் சரி என்று முடிவு செய்தது நான். என் கணவரோ ஜபருல்லா பாயோ அல்ல.

புது ரிலே போட்ட அன்றைக்குக் குழந்தை ஒவ்வொரு 'டக்'குக்கும் திடுக்கிட்டு அழுதாள். என் மாமியார், "பொட்டியத் தூக்கி வெளிய வீசு, இல்லீன்னா புள்ளைய என்றகிட்டக் குடு" என்று சத்தம் போட்டார். இரண்டு நாளில் குழந்தைக்குப் பழகிவிட்டது. அதன் பிறகு சத்தம் வந்தால் திரும்பிப் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தாள்.

பெட்டியில் நான்கு டார்ச் லைட் பேட்டரிகள் இருந்ததன் காரணம் வருமாறு. எங்கள் பக்கம் கரண்டு போகாத நாள் கிடையாது. கரண்டு போனால் நாள் கணக்கு அழிந்துவிடக் கூடாது என்பதற்காகப் பேட்டரி வைப்பது என் வழக்கம். வாங்குகிறவர்களுக்கு நாள் கணக்கைத் திருத்தி வைக்கத் தெரியாது. அதனால் எத்தனையாம் நாள் என்பதை நான் இங்கேயே வைத்து, பேட்டரியில் ஓட விட்டபடியேதான் பெட்டியை அனுப்புவேன். ராசாத்தாள் அக்கா முட்டையை ஏற்கனவே அடை வைத்து விட்டிருந்தார். பழைய பெட்டி கெட்டுப்போனதால் அதுவரை கையாலேயே திருப்பிக்கொண்டிருந்தார். ஆகவே நேற்று அவருடைய முட்டைக்கு எத்தனையாம் நாளோ அந்த நாளை வைத்து ஓட விட்டேன். இதற்கு முன் அனுப்பிய பெட்டிகளும் இப்படியே ஓடிக்கொண்டுதான் போயின. அவற்றில் இருந்தது சத்தமில்லா ரிலே என்பதால் உள்ளே வேலை நடப்பது யாருக்கும் தெரியவில்லை. இந்தத் தடவை ரிலேயை மாற்றிய நான், அனுப்பும் முறையை மாற்ற வேண்டும் என்று யோசிக்கவில்லை. மோட்டார் இணைக்கவில்லையே, சும்மா ஒரு பெட்டிதானே என்று இருந்துவிட்டேன். மோட்டார் இல்லாவிட்டாலும் ரிலே தன் பாட்டுக்கு அடிக்கும் என்பது எனக்குத் தெரியாத விஷயம் அல்ல. ஊர் இருக்கிற இருப்பில் அந்தச் சத்தம் பிறர் காதில் எப்படி விழும் என்பது தோன்றவில்லை.

அதன் பிறகு நேற்று காலை என் கணவர் பெட்டியை அட்டைக்குள் வைத்துச் சணல் கட்டி, காந்திபுரம் கொண்டுபோய், சத்தியமங்கலம் பஸ்ஸின் நடத்துநர் ராமுலு என்பவரிடம் கொடுத்திருக்கிறார். பஸ்ஸில் சாமான் போட்டு விடுவதும், அந்த ஊர் ஸ்டாண்டில் உரியவர் வந்து எடுத்துக்கொள்வதும் எங்கள் பக்கத்தில் எல்லோரும் செய்வது. பஞ்சுப் பொதியில் ஆரம்பித்துக் கல்யாணப் பலகாரம் வரைக்கும் அப்படித்தான் போகும். பிப்ரவரி மாதம் கோயமுத்தூரில் குண்டுகள் வெடித்த பிறகு ஆள் இல்லாத சாமானை ஏற்றக் கூடாது என்று பஸ்காரர்களுக்குச் சொல்லியிருப்பது எனக்குத் தெரியும். தெரிந்தும், பழகின ஆள்தானே என்று கொடுத்தோம். அது எங்கள் தப்பு.

அதன் பிறகு பஸ்ஸில் நடந்ததை நான் நேரில் பார்க்கவில்லை. இங்கே வந்த பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டது: அன்னூர் தாண்டியதும் வண்டியில் கூட்டம் குறைந்து சந்தடி அடங்கியிருக்கிறது. சீட்டுக்கு அடியிலிருந்த பெட்டியின்மேல் காலை வைத்திருந்த ஒருவர், கீழே ஏதோ தட்டுகிறது என்று சொல்லியிருக்கிறார். தகரப் பெட்டிக்குள் ரிலே அடித்தால் உறுமி மாதிரி கூட்டிக் கொடுக்கும். மறுபடி 'டக்' என்றதும் மொத்த வண்டியும் இறங்கி ஓடியிருக்கிறது. ஒரு அம்மாவுக்குக் கால் சுளுக்கியிருக்கிறது. வேறு யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. யாருடைய பெட்டி என்று கேட்டதற்கு நடத்துநர் ராமுலு, தனக்குத் தெரியாது, யாரோ வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டார். வெடிகுண்டு நிபுணர்கள் வந்து பெட்டியை வெறுங்காட்டில் வைத்துப் பிரித்து, வெடிமருந்து இல்லை என்று சொல்லியிருக்கிறார்கள். ஆனால் நாள் கணக்கு வைக்கும் கடிகாரமும் பேட்டரியும் ரிலேயும் சேர்ந்து இருந்ததால், இது ஒத்திகைக்குச் செய்ததாக இருக்கலாம் என்று சந்தேகம் வந்திருக்கிறது. பெட்டியில் என் பெயர் எங்கும் இல்லை. அடித் தகட்டில் பாயுடைய பட்டறை முத்திரை மட்டும் இருந்திருக்கிறது.

இன்று காலை குழந்தைக்குக் கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தபோது ஜபருல்லா பாயின் மனைவி சித்திகா அக்கா எங்கள் வீட்டுக்கு வந்தார். முந்தானையைக்கூடச் சரி செய்யாமல் வாசலிலேயே நின்றார். உள்ளே வரச் சொன்னதற்கு வரவில்லை. நடந்ததை அவர் சொல்லித்தான் நாங்கள் அறிந்தோம். பெட்டி யாருக்குச் செய்தாய் என்று போலீசார் எத்தனை முறை கேட்டும், "தகரம் அடிக்கிறவனுங்க, நூறு பேருக்கு அடிக்கிறேன், ஞாபகம் இல்லீங்க" என்றே பாய் சொல்லிக்கொண்டிருக்கிறாராம். பார்க்கப் போன மனைவியிடம் மட்டும், கைக்குழந்தைக்காரி பெயரை எப்படிச் சொல்வது என்று கேட்டிருக்கிறார். சித்திகா அக்கா என்னிடம் சொன்னது: "அவருக்கு உங்க பேரைச் சொல்ல வாய் வரலைங்க. எனக்கு வருமுங்க. ஆனா நானாச் சொல்றதுக்கு முன்னாடி உங்க மூஞ்சியப் பார்த்துட்டுப் போலாம்னு வந்தேன்."

என் கணவர், ஒரு வக்கீலைப் பார்த்துக் கேட்டுக்கொண்டு போகலாம் என்றார். என் மாமியார் குரலைத் தாழ்த்தி, "நம்ம பேரு எங்கியும் வரலீல்ல கண்ணு, ரெண்டு நாளு பேசாம இரு, அதுவா விட்டுருவாங்க" என்றார். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. எனக்கும் பயம் இருந்தது. நான் செய்தேன் என்று சொன்னால் என்னை உள்ளே வைத்துவிடுவார்கள், பால் குடிக்கிற குழந்தையை யார் பார்ப்பது என்ற நினைப்பில் கிண்ணம் சாய்ந்ததைக் கவனிக்கவில்லை, கஞ்சி குழந்தையின் சட்டையில் கொட்டிவிட்டது. சித்திகா அக்கா அப்போதுதான் உள்ளே வந்தார். குழந்தையை என்னிடமிருந்து வாங்கி, சட்டையைக் கழற்றிக் கழுவிவிட்டு, வேறு சட்டை எங்கே இருக்கிறது என்று கேட்டார். நான் எடுத்துக் கொடுத்தேன். அதன் பிறகு மேசையில் இருந்த இரண்டு விதமான ரிலேயையும், அதே சின்ன மோட்டாரையும், ஒயரையும் ஒரு கூடையில் போட்டுக்கொண்டு, சித்திகா அக்காவோடும் குழந்தையோடும் பஸ் ஏறினேன். என் கணவர் ராசாத்தாள் அக்காவின் வீட்டுக்குப் பக்கத்து மளிகைக்கடைக்குப் போன் செய்து தகவல் சொல்லிவிட்டு அடுத்த பஸ்ஸில் வந்து சேர்ந்தார்.

இங்கே வந்ததும் ஆய்வாளர் அய்யாவிடம், பெட்டி என்னுடையது என்று சொன்னேன். அவர் என்னையும் குழந்தையையும் பார்த்துவிட்டு, முதலில் நம்பவில்லை. "ஏம்மா, யாராவது சொல்லிக் குடுத்து வந்தீங்களா?" என்று கேட்டார். மேலே எழுதிய ரிலே விவரத்தை முழுதாகச் சொன்னேன். அணைத்த ரிலேயில் கரண்டு கசியும் என்பதை அவர் ஒப்புக்கொள்ளவில்லை, அணைத்தால் அணைந்ததுதானே என்றார். கூடையில் கொண்டுவந்திருக்கிறேன், காட்டட்டுமா என்று கேட்டேன். ஏட்டு அய்யா மேசை மின்விசிறியின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, அந்தக் கரண்டு பாயிண்டை எனக்குக் கொடுத்தார்.

முதலில் சத்தமில்லா ரிலேயில் மோட்டாரை இணைத்தேன். மோட்டாரின் தண்டு மெல்லியது, சுற்றுவது தூரத்தில் இருப்பவருக்குத் தெரியாது. அதனால் என் நெற்றியிலிருந்த ஸ்டிக்கர் பொட்டை எடுத்துத் தண்டின் முனையில் ஓரமாக ஒட்டினேன். ஓட விட்டேன், பொட்டு சுற்றியது. ரிலேயை அணைத்தேன். மேசையைச் சுற்றி நின்ற காவலர்கள் எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். பொட்டு நிற்கவில்லை. மெதுவாக, விட்டு விட்டு, ஊர்ந்துகொண்டே இருந்தது. ஒரு காவலர், "அட, அணைச்சும் நடக்குதுங்களே" என்றார். சுவிட்சை எடுத்து ஆய்வாளர் அய்யா கையில் கொடுத்தேன். அவரே போட்டுப் போட்டு அணைத்துப் பார்த்தார். ஒவ்வொரு தடவையும் பொட்டு ஊர்ந்தது.

அதன் பிறகு மற்ற ரிலேயில் இணைத்தேன். போட்டதும் 'டக்' என்றது. பின்னால் நின்ற இரண்டு பேர் ஒரு அடி நகர்ந்தார்கள். சித்திகா அக்காவின் தோளில் இருந்த ரித்திகா அந்தச் சத்தத்தைக் கேட்டுத் தலையைத் திருப்பி, எல்லோரையும் பார்த்து வாய்விட்டுச் சிரித்தாள். அணைத்தேன், 'டக்' என்று பொட்டு அதே இடத்தில் நின்றுவிட்டது. அரைச் சுற்றுகூடப் போகவில்லை. ஆய்வாளர் அய்யா குழந்தையைப் பார்த்து, "நிலையத்துலயே பயப்படாத ஆளு இவ ஒருத்திதானாட்டிருக்குது" என்றார். அவர் அதைச் சொன்ன பிறகுதான், காலையிலிருந்து நான் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை என்பது எனக்கு ஞாபகம் வந்தது. கேட்டு வாங்கிக் குடித்தேன்.

அதற்குப் பிறகு ராசாத்தாள் அக்கா சத்தியமங்கலத்திலிருந்து நேராக இங்கே வந்து சேர்ந்தார். நான் அவரை நேரில் பார்ப்பது இதுவே முதல் தடவை. வந்ததும் யார் என்ன என்று கேட்காமல், "ஏனுங்க, என்ற பொட்டி எங்கீங்க? குண்டுங்கறீங்க, வெடிங்கறீங்க, அதுல முட்டை உருட்டற சமாச்சாரமுங்க இருக்குது. நேத்துப் பூராவும் ஸ்டாண்டுல காத்துக் கிடந்தேன். இப்ப முட்டைய உருட்ட என்ற ஊட்டுக்காரர உக்கார வெச்சுட்டு வந்திருக்கறனுங்க, அவரு தூங்கிப்போட்டாருன்னா அத்தனையும் கூமுட்டைங்க" என்றார். காவலர்கள் சிரித்தார்கள். ஆய்வாளர் அய்யா அவரை உட்கார வைத்து, அவர் சொன்னதைத் தனியே பதிவு செய்துகொண்டார்.

நடத்துநர் ராமுலுவையும் அழைத்து வந்திருந்தார்கள். என் கணவரைக் கண்டதும் அவர் தலையைக் குனிந்துகொண்டு, பெட்டியைக் கொடுத்தது இவர்தான் என்று ஒப்புக்கொண்டார். என் பக்கம் திரும்பி, "அம்மணி, சாமான் ஏத்துனேன்னு தெரிஞ்சா வேலை போயிருமுங்க, அந்தப் பயத்துல சொல்லிப்போட்டேன்" என்றார். நான் அவர்மேல் புகார் எதுவும் சொல்லவில்லை. பயத்தில் வாயடைத்துப்போவது எப்படி இருக்கும் என்பது இன்று காலை கொஞ்ச நேரம் எனக்கும் தெரிந்தது.

அதன் பிறகு ஜபருல்லா பாயை வெளியே கூட்டி வந்தார்கள். அவர் முதலில் என்னைத்தான் பார்த்தார். "நீங்க எதுக்குத் தங்கச்சி வந்தீங்க?" என்று கோபமாகக் கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் சித்திகா அக்கா, "அவங்க வராட்டி இன்னிக்கும் இங்கியே பாய் விரிச்சிருப்பீங்க, வாய மூடிட்டுச் சட்டைப் பித்தானப் போடுங்க" என்றார். அவர் குனிந்து பித்தானைப் போட்டார். மேல் பித்தான் இல்லை. அவருக்கு அடிபட்டதா என்று கேட்டேன், இல்லை என்று சொன்னார். ராத்திரி முழுக்க உட்கார்ந்தே இருந்ததால் கால் வீங்கியிருந்தது.

அவர் இப்போதே போகலாம் என்று ஆய்வாளர் அய்யா சொன்னார். நான் ஒன்று கேட்டேன். இன்று போகச் சொல்லிவிட்டாலும் அவர் பெயர் இந்த நிலையத்துக் கோப்பில் சந்தேக நபர் என்று இருந்தால், அடுத்த தடவை ஊரில் எங்கே என்ன சத்தம் கேட்டாலும் முதலில் அவர் வீட்டுக் கதவைத்தானே தட்டுவார்கள் என்று கேட்டேன். அதற்கு ஆய்வாளர் அய்யா, பெட்டிக்கு உரியவர் இன்னார் என்று எழுத்தில் இருந்தால் பாயின் பெயரை எடுத்துவிடலாம், ஆனால் அந்த இடத்தில் என் பெயரும் விலாசமும் இருக்கும், "பின்னாடி ஏதாச்சும் விசாரிக்கோணும்னா உங்க ஊட்டுக்குத்தான் வருவாங்க, கைக்குழந்தைக்காரி, நல்லா யோசிச்சுச் சொல்லுங்க" என்றார். என் கணவர் என் முகத்தைப் பார்த்தார். நான் யோசிக்க வேண்டியதைப் பஸ்ஸிலேயே யோசித்திருந்தேன். இருக்கட்டுங்க என்று சொன்னேன். என் கணவரும், "ஆமாங்க, என்ற பேரையும் சேர்த்து எழுதிக்குங்க" என்றார். அதனால்தான் இத்தனை நீளமாக, ஒன்று விடாமல் எழுதியிருக்கிறேன். வருகிறவர்கள் வரட்டும். வந்தால் காட்டுவதற்கு மோட்டாரும் ரிலேயும் என் மேசையில் இருக்கும்.

ஆய்வாளர் அய்யா என் கண் முன்னால் கோப்பை எடுத்து, ஜபருல்லா என்ற பெயருக்கு எதிரே, தகரக் கூடு மட்டும் செய்து கொடுத்தவர், சந்தேகம் இல்லை, விடுவிக்கப்பட்டார் என்று எழுதித் தேதி போட்டுக் கையெழுத்திட்டார். அதை நான் வாங்கிப் படித்துப் பார்த்தேன். பாயும் சித்திகா அக்காவும் படித்துப் பார்த்தார்கள்.

இதில் உள்ளது எல்லாம் நான் கண்டதும் செய்ததும். கேட்டுத் தெரிந்தவற்றைக் கேட்டது என்றே குறித்திருக்கிறேன். யாரும் மிரட்டியோ சொல்லிக் கொடுத்தோ எழுதவில்லை. நானே எழுதி, நானே திரும்பப் படித்து, எல்லாம் உண்மை என்று ஒப்புக்கொண்டு கையொப்பம் இடுகிறேன். பெட்டிக்கு உரியவள் நான்.

(ஒப்பம்) பா. சாந்தாமணி, சூலூர்.

உடனிருந்த சாட்சிகள்: (ஒப்பம்) பாலுசாமி. (ஒப்பம்) ஜ. சித்திகா.